புதிதாகப் படமெடுப்போர்க்கு ஏற்ற காமிரா

காமிரா ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை இல்லாத மாணவர் நம் விடுதிகளில் அரியர். கையிலே கைப்பேசி இருக்கிறது. அதிலே காமிராவும் இருக்கிறது. அப்படியிருந்தும், கழுத்திலே பட்டை போட்டுத் தொங்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைக் கண்டால் மனம் அதன் பின்னே ஓடுகிறது. ஆசை தவறன்று, ஆனால் அதன் விலை சிறிதன்று. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் அறிவியல் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் கணக்கு. அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுப் பணிக்கென்று போய்விடும். எஞ்சிய 60,000 ரூபாயில் சாப்பாடு, விடுதி, நூல்கள், ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு எல்லாம் அடங்க வேண்டும். இந்த நிலையில் ஏறத்தாழ 40,000 ரூபாயைக் காமிராவுக்குக் கொடுப்பவர் எதைப் பெறுகிறார், எதைப் பெறவில்லை? இதற்கு விடை விளம்பரத்தில் கிடைக்காது, இயற்பியலில் கிடைக்கும். அதை இயன்ற அளவு எளிமையாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரிலேயே பொருள் இருக்கிறது

இந்த வகைக் காமிராவை ‘டி.எஸ்.எல்.ஆர்.’ என்கிறோம். டிஜிட்டல், சிங்கிள் லென்ஸ், ரிஃப்ளெக்ஸ் என்று விரித்தால் அதன் இலக்கணம் முழுவதும் விளங்கிவிடும். எண்களாகப் படத்தைப் பதிவு செய்வது. ஒரே லென்ஸ் உடையது. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கண்ணுக்குக் காட்டுவது.

‘ஒரே லென்ஸ்’ என்பதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நம் தாத்தா காலத்து வீடுகளில் ஆக்ஃபா கிளிக் என்றொரு பெட்டிக் காமிரா இருந்தது. பரோடாவில் செய்தார்கள். ஒரு பிலிம் சுருளில் 12 படம் எடுக்கலாம். அதிலே படம் எடுக்கும் லென்ஸ் ஒன்று. நாம் பார்க்கும் துவாரம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி. தொலைவில் உள்ள மலையைப் படமெடுத்தால் இந்த இடைவெளி பொருட்டே அன்று. அருகில் நிற்கும் குழந்தையை எடுத்தாலோ, நாம் கண்ட காட்சி வேறு, பிலிம் கண்ட காட்சி வேறு. தலை வெட்டுண்ட படங்கள் பல வீட்டு ஆல்பங்களில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ்.எல்.ஆர். காமிரா இக்குறையை நீக்கியது. லென்ஸின் பின்னே 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடி நிற்கிறது. உள்ளே வரும் ஒளி அதில் பட்டு மேலே சென்று, ஒரு சொரசொரப்பான திரையில் பிம்பமாக விழுகிறது. அப்பிம்பம் இடம் வலமாக மாறியிருக்கும். மேலே உள்ள ஐந்து பக்கப் பட்டகம் அதனை நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது. மலிவான காமிராக்களில் எடை மிகுந்த கண்ணாடிப் பட்டகத்திற்குப் பதிலாக ஆடிகளை ஒட்டிய கூடு ஒன்று இருக்கும். அதனால் காட்சி சற்று மங்கலாகத் தெரியும். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலே எழும்புகிறது; ஷட்டர் திறந்து மூடுகிறது; ஆடி மீண்டும் தன் இடத்தில் வந்து அமர்கிறது. அந்த ‘சடக்’ என்ற ஒலி ஆடியின் ஒலியே. ஆக, எந்த லென்ஸின் வழியே படம் பதிவாகிறதோ அதே லென்ஸின் வழியேதான் நாமும் பார்க்கிறோம்.

விலை இறங்கிய கதை

பிலிமின் இடத்தில் இன்று இருப்பது சிலிக்கான் தகடு. ஒளித் துகள் அதில் விழுந்தால் எலெக்ட்ரான் விடுபடுகிறது; எலெக்ட்ரான்களை எண்ணினால் ஒளியின் அளவு தெரிகிறது. இதற்கான ‘சி.சி.டி.’ என்னும் கருவியை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர் கண்டனர். 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். 1975-இல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். அதில் ஒரு படம் 10,000 புள்ளிகள். அதைக் காசெட் நாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று.

சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. அதற்கு நிறம் கற்பித்தவர் அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர். நான்கு புள்ளிகளுக்கு ஒரு கட்டம். அதில் இரண்டின் மேல் பச்சை வடிகட்டி, ஒன்றின் மேல் சிவப்பு, ஒன்றின் மேல் நீலம். நம் கண் பச்சையை அதிகம் உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. 1976-இல் உரிமை பெற்ற இந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான காமிராக்களில் இருக்கிறது.

1991-இல் நிக்கான் எப்3 உடலில் டிஜிட்டல் பாகம் பொருத்தி, 13 லட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு காமிராவைக் கோடக் விற்றது. விலை ஏறத்தாழ 20,000 டாலர். படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தோளில் தனியே சுமக்க வேண்டும். பத்திரிகை நிறுவனங்களைத் தவிர யார் வாங்குவார்? பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2003-இல், கேனன் 300டி வந்தது. 63 லட்சம் புள்ளிகள். விலை 1,000 டாலருக்குள். அன்றுதான் இக்காமிரா சாதாரண மனிதனின் கைக்கு எட்டும் தொலைவுக்கு வந்தது எனலாம்.

ஒரு பொருள் உயரும்போது மற்றொன்று தாழ்வது உலக இயல்பு. நமக்கு அருகே உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கி 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்-ரே பிலிமும் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, காலத்தோடு போட்டியிட இயலாமல் மூடப்பட்டுவிட்டது. இப்போது அதே விதி ஆடி வைத்த காமிராவையும் பற்றியிருக்கிறது. ஆடியே இல்லாமல், உணரியில் விழும் பிம்பத்தைச் சிறு திரையில் காட்டும் ‘மிரர்லெஸ்’ காமிராக்கள் வந்து, பெரிய நிறுவனங்கள் தங்கள் உழைப்பை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன.

இது கேட்டு வருந்த வேண்டியதில்லை. செல்வர் புதியதற்கு மாறும்போது பழையது மலிகிறது. நல்ல நிலையில் உள்ள டி.எஸ்.எல்.ஆர். காமிராவும் லென்ஸும் பாதி விலைக்குக் கைமாறும் காலம் இது. மாணவனுக்கு இதைவிட நல்ல காலம் வேறேது?

எதைத் தேர்ந்தெடுப்பது?

தொடக்கநிலைக்கென்றே செய்யப்பட்டவற்றுள் இந்தியாவில் மிகுதியாகப் புழங்குபவை மூன்று. மூன்றும் 2018-இல் வந்தவை.

கேனன் 1500டி: 2 கோடியே 41 லட்சம் புள்ளிகள். மின்கலமும் அட்டையும் சேர்த்து 475 கிராம். ஒரு மின்னேற்றத்தில் 500 படம் எடுக்கலாம். கேனன் நிறுவனத்தின் பழைய ‘ஈ.எப்.’ லென்ஸ்கள் எல்லாம் இதில் பொருந்தித் தாமாகவே குவியப்படுத்தும். இதனால் பழைய லென்ஸ் வாங்குவோர்க்கு வசதி.

நிக்கான் டி3500: 2 கோடியே 42 லட்சம் புள்ளிகள். மின்கலத்தோடு 415 கிராம். ஒரு மின்னேற்றத்தில் 1,550 படம். மங்கிய ஒளியில் சற்று மேலானது. ஆனால் இதன் உடலில் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. லென்ஸிலேயே மோட்டார் இருந்தால்தான் தானாகக் குவியும். பழைய நிக்கான் லென்ஸ்களைக் கையால் திருக வேண்டியதுதான். இதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பெரும்பாலும் பழையதாகவே கிடைக்கும்.

கேனன் 3000டி: 1 கோடியே 80 லட்சம் புள்ளிகள். விலை குறைவு. லென்ஸ் பொருந்தும் வளையம் உலோகமன்று, பிளாஸ்டிக். லென்ஸை அடிக்கடி மாற்றும் எண்ணம் உள்ளவர் இதனைத் தவிர்ப்பது நலம்.

புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். நம் இதழின் ஒரு முழுப் பக்கத்திற்கு, அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட, ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் போதும். மேற்கண்ட மூன்றும் அதைவிட இரு மடங்கும் அதற்கு மேலும் தருபவை. புள்ளிக் கணக்கில் போட்டி என்றோ முடிந்துவிட்டது.

கைப்பேசியோடு ஒரு கணக்கு

‘கைப்பேசியைவிட இது எவ்வளவு மேல்?’ என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம்.

1500டி காமிராவின் உணரி 22.3 மி.மீ. நீளம், 14.9 மி.மீ. அகலம், பரப்பு ஏறத்தாழ 332 சதுர மி.மீ. நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்றின் உணரியை 8 மி.மீ., 6 மி.மீ. என்று கொண்டால் பரப்பு 48 சதுர மி.மீ. ஆக, நம் காமிராவின் உணரி ஏழு மடங்கு பெரிது. மழையில் சிறு கிண்ணத்தையும் அகன்ற அண்டாவையும் வைத்தாற்போல, பெரிய உணரி ஏழு மடங்கு ஒளியைப் பிடிக்கும் என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் அண்டாவின் மேல் என்ன மூடி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதை ‘எப்’ எண்ணால் குறிப்பார்கள். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது இவ்வெண். எண் சிறிதானால் வாய் பெரிது. உள்ளே வரும் ஒளி இவ்வெண்ணின் வர்க்கத்திற்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். கைப்பேசியின் லென்ஸ் பெரும்பாலும் எப் 1.8. காமிராவோடு கடைக்காரர் கொடுக்கும் 18-55 மி.மீ. லென்ஸோ, அகன்ற முனையில் எப் 3.5, நீண்ட முனையில் எப் 5.6.

இப்போது கணக்கு எப்படி ஆகிறது? 3.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.8. உணரியால் வந்த ஏழு மடங்கை இதனால் வகுத்தால் எஞ்சுவது இரண்டு மடங்குக்கும் குறைவு. 5.6-க்குச் செய்தாலோ 9.7 வருகிறது. ஏழை அதனால் வகுத்தால் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு! அதாவது அந்த முனையில் கைப்பேசியே அதிக ஒளியைப் பிடிக்கிறது. போதாக்குறைக்குக் கைப்பேசி, கண் இமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்கிக் குறைகளை மறைக்கும் வித்தையும் கற்றிருக்கிறது. புதுக் காமிரா வாங்கி, இரவில் படமெடுத்து, ‘இதற்கா இத்தனை பணம்?’ என்று பலர் மனம் நொந்து பெட்டியில் பூட்டி வைப்பதன் இரகசியம் இதுவே. குற்றம் காமிராவினுடையதன்று, அதன் வாயில் மாட்டிய லென்ஸினுடையது.

மருந்து எளிது. 50 மி.மீ. எப் 1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால், இழந்த ஏழு மடங்கும் திரும்ப வந்துவிடும். பெரிய நிறுவனங்களின் லென்ஸ்களில் மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே, இருக்கும் பணம் முழுவதையும் புது உடலுக்கே செலவிடாமல், பழைய உடலும் இந்த லென்ஸும் சேர்த்து வாங்குபவரே கெட்டிக்காரர்.

மூன்று கட்டுப்பாடுகள்

படத்திற்கு வேண்டிய ஒளியை மூன்று வழிகளில் அளக்கலாம். குழாயில் தண்ணீர் பிடிப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறப்பது என்பது துவாரம்; எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது ஷட்டர் வேகம்; எவ்வளவு நீர் வந்தால் குடம் நிறைந்ததாகக் கொள்வது என்பது ‘ஐ.எஸ்.ஓ.’ எண்.

துவாரத்தின் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று ஏறும். ஒவ்வொன்றும் முந்தையதின் இரண்டின் வர்க்கமூல மடங்கு. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. சிறு துவாரத்தில் அருகிலும் தொலைவிலும் உள்ளவை தெளிவாக விழும். பெரிய துவாரத்தில் முகம் தெளிவாகவும் பின்புலம் கரைந்தும் தோன்றும்.

ஷட்டர் வேகத்திற்குக் கிழக்கே கோட்டையில் ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நம் குறுக்கே செல்லும் பேருந்து வினாடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. ஒரு வினாடியில் 100-இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தால் அது 10 செ.மீ. நகர்ந்துவிடும், பெயர்ப் பலகை கலங்கும். 1,000-இல் ஒரு பங்கு என்றால் 1 செ.மீ.தான், எழுத்துக்களைப் படிக்கலாம்.

உச்சி வெயிலில் எடுக்கும் படத்திற்குப் பழைய பிலிம் காலத்து விதி ஒன்று இன்றும் பொய்க்கவில்லை. துவாரம் எப் 16, வேகம், ஐ.எஸ்.ஓ. எண் எதுவோ அதன் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 100-இல் ஒரு பங்கு வினாடி. துவாரத்தை எப் 8-க்குத் திறந்தால் ஒளி நான்கு மடங்கு ஆகிறது; வேகத்தை 400-இல் ஒரு பங்காக்கினால் சரியாகிவிடும். சங்குமுகம் கடற்கரையில் ஒரு பகல் இவ்விதியை மட்டும் வைத்துக்கொண்டு, தானியங்கி முறையை அணைத்துவிட்டுப் படமெடுத்துப் பாருங்கள். பத்து நூல்கள் சொல்லாததை அந்த ஒரு பகல் சொல்லிவிடும்.

நம் மன்றத்து நாடக மேடையை இப்படிக் கணக்கிடலாம். ஐ.எஸ்.ஓ. 1600, எப் 1.8, 125-இல் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால் ஒரு மேடைக்குப் படம் சரியாக வருகிறது என்று கொள்வோம். அங்கே 18-55 லென்ஸின் நீண்ட முனையை வைத்தால் எப் 5.6, வேகம் 13-இல் ஒரு பங்காக இறங்க வேண்டும். வாள் சுழற்றும் கதாநாயகன் புகையாகத்தான் தெரிவான்!

தும்பாவில் எடுத்த ஒரு படம்

கருவி பெரிதா, கண் பெரிதா என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு விடை இருக்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, 1966-இல், பிரெஞ்சு நாட்டு ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அங்கு வந்தார். ராக்கெட்டின் முனைக் கூம்பை ஒரு மிதிவண்டியின் பின்புறம் வைத்து இருவர் கொண்டு செல்வதை அவர் படமெடுத்தார். இந்திய விண்வெளி முயற்சியின் தொடக்கத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் இன்றும் அப்படத்தையே எடுத்துக்காட்டுகிறார்கள்.

அவருடைய வழக்கமான கருவி லைக்கா என்னும் சிறு காமிரா. வழக்கமான லென்ஸ் 50 மி.மீ. நீண்ட லென்ஸ் குவியல் எதுவும் அவர் சுமந்து திரியவில்லை. கருவியின் விலை அப்படத்தைத் தரவில்லை. மிதிவண்டியும் ராக்கெட்டும் ஒரே சட்டத்தில் நிற்பதன் பொருளை அறிந்த கண் தந்தது.

ஒரு சிறு திருத்தம் மட்டும் வேண்டும். அவருடைய பிலிம் 36 மி.மீ. அகலம், நம் உணரி 22.3 மி.மீ. ஆகையால் நம் காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் அவருக்கு 80 மி.மீ. காட்டும் குறுகிய காட்சியைக் காட்டும். முகங்களுக்கு அது மிக நன்று. தெருவையும் கூட்டத்தையும் எடுக்க, 18-55 லென்ஸை 30 மி.மீ. அருகே வைத்துக்கொண்டால் அவர் கண்ட அகலம் கிடைக்கும். தும்பா விண்வெளி மையமும் விமான நிலையமும் இன்று பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கே அனுமதியின்றிக் காமிராவை எடுக்கலாகாது.

கோபுரமும் சூரியனும்

அறிவியல் மாணவர்க்கு ஏற்ற பயிற்சி ஒன்று சொல்கிறேன். மார்ச் 20, 21 தேதிகளிலும் செப்டம்பர் 22, 23 தேதிகளிலும் பகலும் இரவும் சமமாகின்றன. சூரியன் நேர் மேற்கே மறைகிறது. அன்று மாலை பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தை எதிரே தெருவில் நின்று பார்த்தால், சூரியன் கோபுரத்தின் வாயில்களில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தோன்றி இறங்கும்.

ஏன் நேராக இறங்குகிறது? திருவனந்தபுரம் வடக்கு அட்சம் 8.5 பாகையில் இருக்கிறது. அன்று சூரியனின் பாதை தொடுவானத்தோடு செய்யும் கோணம் 90-இலிருந்து அதைக் கழித்தால் வரும் 81.5 பாகை, ஏறக்குறையச் செங்குத்து. இலண்டனில் இக்கோணம் 38.5 பாகைதான், அங்கே இப்படியொரு கோபுரம் கட்டினாலும், சூரியன் ஒரு வாயிலைக் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் நழுவிவிடும்.

சூரியன் அரைப் பாகை அகலம்; தன் அகலம் இறங்க இரண்டே நிமிடம். ஆகவே படத்திற்கு முன்கூட்டியே இடம் பார்த்து வைக்க வேண்டும். உணரியில் சூரியனின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும்? குவியத் தூரத்தை 110-ஆல் வகுங்கள். 55 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ.; 250 மி.மீ. லென்ஸில் 2.3 மி.மீ. இங்கே நீண்ட லென்ஸ் வேண்டும் என்பது விளங்குகிறதன்றோ?

ஓர் எச்சரிக்கை. எஸ்.எல்.ஆர். காமிராவின் கண்துளை வழியே வெயில் மிகுந்த சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். லென்ஸ் குவித்த ஒளி நேரே விழித்திரையில் விழும், பார்வையே போய்விடலாம். பின்புறத் திரையில் பார்த்தே எடுக்க வேண்டும். காமிராவையும் நெடுநேரம் சூரியனை நோக்கி வைத்திருக்கலாகாது. கோயிலின் உள்ளே படமெடுக்கத் தடை உண்டு. அதை மதிப்பது நம் கடமை.

நம் ஊரின் பகை

இவ்வூரில் காமிராவுக்குப் பெரும் பகை திருடனல்லன், ஈரம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பொழியும் ஊர் இது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால், லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பின்னர் துடைத்தாலும் வடு போகாது. விடுதி அலமாரியில் தோல் பையோடு பூட்டி வைத்த காமிரா, ஒரு மழைக்காலம் கழித்துத் திறக்கும்போது இக்கதிக்கு ஆளாவதைக் காணலாம்.

காப்பதற்கு விலையுயர்ந்த பெட்டி வேண்டியதில்லை. ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று; அதனுள் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி. நீல நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாகும். சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். நம் வேதியியல் மாணவர்க்கு இதைச் சொல்ல வேண்டுமா! ஈரம் காட்டும் சிறு மானி ஒன்றும் உள்ளே வைத்து, 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் சிறந்த மருந்து, வாரம் ஒருமுறையாவது காமிராவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே. குளிரூட்டிய ஆய்வகத்திலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடியில் பனி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து திறப்பது நன்று.

பழையது வாங்குவோர்க்கு

பழைய காமிரா வாங்கும்போது நான்கு சோதனைகள் செய்க. ஒன்று, லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் ஒளி காட்டி மறுபக்கம் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம், வாங்க வேண்டாம். இரண்டு, துவாரத்தை எப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். கரும்புள்ளிகள் உணரியின் தூசு. ஊதியும் போகாத புள்ளி இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூன்று, ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். வண்டிக்குக் கிலோமீட்டர் எப்படியோ, காமிராவுக்கு இது அப்படி. நான்கு, ரசீதில் உள்ள வரிசை எண்ணும் காமிராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ரசீது இல்லாத பொருள் எவ்வளவு மலிவானாலும் மாணவனுக்கு வேண்டாம்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

இத்தனையும் கேட்டபின் ‘எனக்கு இது வேண்டுமா?’ என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் எடுப்பவர்க்குக் கைப்பேசியே போதும். அதற்காகக் கடன்பட வேண்டாம். ஒளியையும் காலத்தையும் தம் கையால் அளந்து பழக விரும்புவோர்க்கு இது வேண்டும். அவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்பதுமில்லை. முப்பது பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால், பழைய உடல் ஒன்றும் லென்ஸும் சிலிக்கா ஜெல் டப்பாவும் மன்றத்துக்குச் சொந்தமாகும். நூலகப் புத்தகம் போல முறை வைத்து எடுத்துச் செல்லலாம்.

அதைக் கொண்டு எடுக்க வேண்டியவை நம் கண்முன்னே காத்துக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் குமரி மாவட்டத்திலிருந்து இந்நகருக்கு எழுந்தருளுகிறார்கள். 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரிந்த பின்னும் அந்த வழக்கம் பிரியவில்லை. கரமனையின் அக்கிரகாரத் தெருக்கள் இருக்கின்றன. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த கல்லூரி இருக்கிறது. ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெரு இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிக் கணக்கு எழுதும் வணிகர் இருக்கிறார்கள்.

அந்தச் சாலைத் தெருவிலேயே கடை வைத்திருந்து, அதன் சுமைகூலிகளையும் வியாபாரிகளையும் எழுத்தில் பிடித்து வைத்தவர் ஆ. மாதவன். 2021-இல் அவர் மறைந்தார். அவர் கதைகளில் கண்ட தெரு நம் கண்முன்னே நாளுக்கு நாள் மாறிக்கொண்டு வருகிறது. ஓட்டுக் கூரைகள் இறங்கிக் கண்ணாடி முகப்புகள் எழுகின்றன. பழைய பெயர்ப் பலகைகள் குப்பைக்குப் போகின்றன. எழுதும் ஆற்றல் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எப் எண்ணும் ஷட்டர் வேகமும் எவர்க்கும் ஒரு மாதத்தில் வரும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அனுமதி பெற்று, ஆண்டும் இடமும் குறித்து எடுத்து வைப்போமானால், நமக்குப் பின் இங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்க்கு இத்தெரு எப்படி இருந்தது என்று காட்ட ஒரு பெட்டிப் படமாவது மிஞ்சும்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வழிமொழிவோர் கைதூக்குக!